உறை திறக்கும் முன்

என் அக்கா ஹெர்மீனின் வீட்டில் ஓர் இசைத்தட்டை அவள் கணவர் லுப்பெர்ட்டைத் தவிர வேறு யாராலும் தேடி எடுத்துவிட முடியாது. ஊரில் எல்லோரும் இசையமைத்தவர் பெயரை வைத்து அடுக்குவார்கள். லுப்பெர்ட் சுருதியை வைத்து அடுக்கியிருந்தார். அவர் சேர்த்ததெல்லாம் பழைய காலக் கருவிகளில் வாசித்த பதிவுகள். எஃகுக் கம்பிக்குப் பதிலாக ஆட்டுக்குடலைத் திரித்துக் கட்டிய நரம்பு. மூன்று பேர், நான்கு பேர், மிஞ்சிப்போனால் ஐந்து பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து வாசிக்கிற இசை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு சுருதி இருந்ததாம். அதனால் இன்று வாசிக்கிற குழுக்களும் ஆளுக்கு ஒரு சுருதி வைத்துக்கொள்கிறார்கள். அவர் வீட்டுக் கூடத்தின் இடது மூலையில் மிகத் தாழ்ந்த சுருதி தொடங்கும். அங்கிருந்து தட்டுத் தட்டாக ஏறி, நடையைத் தாண்டி, மாடிப்படியோரமாகப் போய், படுக்கையறை வாசலில் ஏறக்குறைய இன்றைய பியானோவின் சுருதிக்கு வந்து சேரும்.

"எனக்குப் பிடிச்ச அந்த போக்கெரினி எங்க இருக்கு?" என்று அக்கா கேட்டால், "எது? நடையில இருக்கறதா, மாடி ஏறணுமா?" என்பார்.

"நானும் சமையல் பாத்திரத்தையெல்லாம் கரண்டியால தட்டிப் பார்த்து, சத்தப்படி அடுக்கி வைக்கட்டுமா?"

"வையேன். நல்லாத்தான் இருக்கும்."

எங்கள் ஊர் டெவென்டரில் ஐசல் ஆற்றை ஒட்டிய தெருவில் ஒரு பல் கூடத்தில் அவர் வேலை பார்த்தார். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் பல்செட் செய்து கொடுப்பார். ஊரில் பாதிப்பேர் லுப்பெர்ட்டின் பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று அவர் நண்பர் பேரெண்ட் சொல்லுவார். மாவு படிந்த நீல மேலங்கி, காதுக்குப் பின்னால் பென்சில், நாள் முழுக்கக் கையில் கீச்சென்று சுற்றும் சாணை. இருபத்துச் சொச்சம் வயதில் அந்த சாணைச் சத்தத்துக்கு மேலே வானொலியில் முதன்முதலாகக் குடல் நரம்பு வாசிப்பைக் கேட்டாராம். பக்கத்து அறையில் யாரோ தாழ்ந்த குரலில் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, சாணையை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். யாரும் இல்லை. அன்று பிடித்த பைத்தியம். அதிலிருந்து அவருடைய பாராட்டு ஒரே ஒரு வார்த்தைதான்: "பேசுது." பிடிக்காவிட்டால், "பேசலை." நடுவில் ஒன்றும் கிடையாது.

விடுமுறைக்கு வேறு ஊருக்குப் போனாலும் அங்கே பழைய தட்டுக் கடை உண்டா என்று பார்த்துத்தான் விடுதி எடுப்பார்கள். ஹைடன் நான்கு பேர் வாசிக்க எழுதிய ஒரே பாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு குழுக்களின் பதிவு அவரிடம் இருந்தது. "ஒரே பாட்டுத்தானே?" என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். நான் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். "உங்க நூலகத்துல ஒரே கதைப் புத்தகம்தானா வெச்சிருக்கீங்க, டீனி?" என்றார். அது சரியான பதில் இல்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் மறுபடி கேட்கத் தோன்றாது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் நாலைந்து பேர் கூடுவார்கள். இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பேரெண்ட் வருவார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற தியா, தன் நாயோடு வருவாள். வேறு ஒன்றிரண்டு பேர். எனக்கு இசையில் ஒன்றும் தெரியாது. அக்காவுக்குக் கூடமாட இருக்கலாம், தேன் கேக் கிடைக்கும் என்று போவேன். ஆளுக்கு ஒரு காபி, ஒரு துண்டு கேக். இரண்டாவது துண்டு கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை.

கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. லுப்பெர்ட் ஏற்படுத்திய விதி. ஒருவர் ஒரு தட்டைக் கொண்டுவந்து, உறையை யாருக்கும் காட்டாமல் போடுவார். யார் வாசித்தது, எந்த வருடம், எதுவும் தெரியாமல் எல்லோரும் கேட்பார்கள். முடிந்ததும் வட்டமாக ஒவ்வொருவரும் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும், பூசி மெழுகாமல். எல்லோரும் சொன்ன பிறகுதான் உறை திறக்கும். உறை திறந்தபின் எவரும் தாம் சொன்னதை மாற்றக் கூடாது. பெயர் பெற்ற வயலின்காரரை "தூங்குறான்" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மாட்டிக்கொண்டவர் மாட்டிக்கொண்டவர்தான்.

"பேரைத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றதெல்லாம் மரியாதை. தெரியாம சொல்றதுதான் அபிப்பிராயம்" என்பார் லுப்பெர்ட்.

அவர்களுடைய ஒரே மகள் யோரீன் இந்த விதிக்குள்ளேயே வளர்ந்தவள். சின்ன வயதில் மேசைக்கடியில் தியாவின் அப்போதைய நாயோடு படுத்துக்கொண்டு கேட்பாள். பள்ளியில் படம் வரைந்தால், கூடப் படிக்கிற பிள்ளைகளின் படங்களையும் வாங்கிவந்து, எல்லாவற்றிலும் பெயரை மடித்து மறைத்து, தரையில் பரப்பி, "எது நல்லாருக்கு, சொல்லு" என்று அப்பாவிடம் கேட்பாள். அவரும் மண்டியிட்டு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துச் சொல்லுவார். சில நாள் அவளுடையதைச் சொல்லுவார், பல நாள் வேறு யாருடையதையாவது. அக்காவுக்குக் கோபம் வரும். "பிள்ளை படம்னு தெரியாமலா இருக்கு? அதைக் கையில எடுத்தா என்ன குறைஞ்சு போயிடுவ?" என்று கேட்பாள். யோரீன் அழுததாக எனக்கு நினைவில்லை. அவளுடையதை அவர் எடுத்த நாட்களில் வீடு முழுக்கக் குதிப்பாள்.

அவள் வயலினைவிடப் பெரிய, உட்கார்ந்து வாசிக்கிற செல்லோவை எடுத்தாள். ஹேக் நகரில் போய்ப் பழைய முறை வாசிப்பைப் படித்தாள். அடியில் ஊன்றுகோல் இல்லாத செல்லோ, கெண்டைக்கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்து வாசிக்கிறது. படித்து முடித்துக் கூடப் படித்த மூன்று பேரோடு ஒரு நால்வர் குழு அமைத்தார்கள். முப்பது வயதுக்குக் கொஞ்சம் முன்னால் அவர்களுடைய முதல் பதிவு வந்தது. ஃப்ரீஸ்லாந்துப் பக்கம் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில், சூடேற்றி இரைகிறது என்று அதை நிறுத்திவிட்டு, குளிரில் கோட்டோடு உட்கார்ந்து வாசித்ததாகச் சொன்னாள். நரம்பு குளிரில் இறங்கிக்கொண்டே இருந்ததாம். ஒரு நல்ல வாசிப்பு முடிகிற நேரத்தில் வெளியே டிராக்டர் போய் அதைக் குப்பையில் போட வேண்டியதாயிற்றாம்.

தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் அப்பாவிடம் காட்டவில்லை. நேரே பேரெண்டின் கடைக்குப் போய் அவர் கையில் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போடச் சொல்லி. அவள் ஊருக்கு வந்திருப்பதே லுப்பெர்ட்டுக்குத் தெரியாது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்த பிறகு பின்பக்கமாகச் சமையலறைக்குள் வந்தாள்.

"இது தேவையா?" என்று அக்கா அவள் கோட்டை வாங்கிக்கொண்டே கேட்டாள். "நேரா கையில குடு. உச்சி குளிர்ந்து போயிடுவார்."

"அதுக்குத்தான் அம்மா குடுக்கலை. குளிர்ந்து போயிட்டா நான் எதை நம்பறது?"

கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். தட்டு ஓடியது. எனக்கு நன்றாகத்தான் இருந்தது; ஆனால் எனக்கு எதுவுமே நன்றாகத்தான் இருக்கும். முடிந்ததும் தியா முதலில் சொன்னாள்: "உயிர் இருக்கு. சின்னப் பிள்ளைங்கன்னு நினைக்கிறேன். மெதுவான பகுதியில நாய் கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துது." இன்னொருவர் இரண்டாவது வயலினைப் பாராட்டினார். பேரெண்ட் தட்டைக் கொண்டுவந்தவர், அதனால் அவர் பேசக் கூடாது.

லுப்பெர்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"முதல் வயலின் பரவாயில்லை. ரெண்டாவதும் பரவாயில்லை. செல்லோ பேசலை. வாய்க்குள்ளயே முணுமுணுக்குது. வில்லு நரம்பைத் தொடுதா, போர்வையைத் தொடுதான்னு தெரியலை. இந்த ஆளு எஃகுக் கம்பி வாசிச்சுக்கிட்டு எங்கயாவது பெரிய கோஷ்டியில பின்வரிசையில உட்கார்ந்திருக்கலாம். குடல் நரம்புக்கு இவன் வந்திருக்க வேண்டாம்."

பேரெண்ட் எழுந்து தட்டை வெளியே எடுத்தார். "சரி, அடுத்தது யாரு?" என்றார்.

"உறையைத் திற" என்றார் லுப்பெர்ட்.

"இருக்கட்டும் லுப்பெர்ட். இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

"விதின்னா எல்லாருக்கும்தான். திற."

யோரீன் காபிப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனாள். "நாங்கதான் அப்பா" என்றாள். "அந்த செல்லோ நான்." தியாவின் கோப்பையில் காபியை ஊற்றினாள், சிந்தாமல்.

லுப்பெர்ட்டின் கையில் கேக் துண்டு இருந்தது. அதைத் தட்டில் வைத்தார். மறுபடி எடுத்தார். "பதிவு பண்ணின இடம் சரியில்லையோ? மைக்கைத் தள்ளி வெச்சுட்டாங்களோ?" என்றார்.

"உறை திறந்தாச்சு அப்பா."

அன்று அவள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருந்து பட்டாணி சூப் குடித்தாள், பாத்திரங்களைத் துடைத்து வைத்தாள், தியாவின் நாயைப் பற்றி அப்பாவோடு சிரித்துப் பேசினாள். மறுநாள் காலை ரயில் ஏறினாள். வசந்தம் வந்தபோது அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். யோரீன் குழுவிலிருந்து விலகப்போவதாகச் சொல்லிவிட்டாளாம். கோடை வரைக்கும் ஒத்துக்கொண்ட கச்சேரிகளை முடித்துக்கொடுத்துவிட்டு, அஸ்ஸனில் ஓர் இசைப்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம். "அவகிட்ட கேட்டேன். பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர்றது தனக்குப் பிடிக்கும்னு சொல்றா" என்றாள் அக்கா. "பிடிக்கும்தான் போல. அதுக்கு மேல நான் என்ன கேட்கறது?"

லுப்பெர்ட் அப்போது வேலையிலிருந்து ஓய்வுபெற்றிருந்தார். தினமும் காலையில் அந்தத் தட்டைப் போட்டுக் கேட்பார். நான் போகிற நேரமெல்லாம் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். நாற்காலியைப் பாட்டுப்பெட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்திருப்பார். அவர் பொய் சொல்லக் கூடியவராக இருந்திருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். மகளைக் கூப்பிட்டு, நான் தப்பாச் சொல்லிட்டேன், நீ நல்லாத்தான் வாசிச்சிருக்கேன்னு சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனை தரம் கேட்டாலும் அவருக்கு அது முணுமுணுப்பாகத்தான் கேட்டது.

"ஒரு தடவையாவது பேசாதான்னு பார்க்கறேன் டீனி" என்றார்.

அந்தக் கோடையில் ஒருநாள் அக்கா கடைக்குப் போயிருந்தாள். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து செர்ரிப் பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். லுப்பெர்ட் குளிர்பெட்டியைத் திறந்து மோர் எடுத்து ஊற்றிக்கொண்டு நின்றார். கதவு திறந்தே இருந்தது. புதுப் பெட்டி, கதவைச் சாத்தாவிட்டால் கீச் கீச்சென்று கத்தும். கத்திக்கொண்டே இருந்தது.

"லுப்பெர்ட், அதை மூடுங்க. காது போகுது."

"எதை?"

"குளிர்பெட்டியை. கத்துதில்ல?"

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "எங்க கத்துது?" என்றார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், பாதிச் சிரிப்பில் இருந்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் மோர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, பாலாடைக்கட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் தலையை நுழைத்துக் கேட்டார். வலது காதைத் திருப்பினார். இடது காதைத் திருப்பினார். அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

"இப்பவும் கத்துதா?"

"கத்துது."

கதவைச் சாத்தினார். "இப்ப?"

"இல்ல."

நாற்காலியில் உட்கார்ந்தார். மோரைக் குடிக்கவில்லை. செய்தி வாசிக்கிறவர்கள் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று அவர் சில வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருந்ததும், புதிதாக வந்த எந்தக் குழுவும் "பேசலை" என்று அவர் சொல்லிவந்ததும் எனக்கு அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தது. அவருக்கு அதற்கு முன்னாலேயே சேர்ந்திருக்கும்.

காது பார்க்கிற பெண்ணிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். கடைசியில் ஒரு நீண்ட நேரம் அவர் பொத்தானையே அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார். வெளியில் இருந்த எனக்கு மனம் கேட்கவில்லை.

"தாழ்ந்த சத்தமெல்லாம் உங்களுக்கு வயசுப் பையன் மாதிரி கேக்குது" என்றாள் அந்தப் பெண். "மேல் சத்தம் போயிடுச்சு. ரொம்ப வருஷமாவே போயிருக்கும். பேச்சுல உயிரெழுத்து கேக்கும், மெய்யெழுத்து கேக்காது. என்ன வேலை பார்த்தீங்க?"

"பல் செய்யறது."

"சாணை பிடிப்பீங்களா? காதுல எதுவும் வெச்சுக்காமலா?"

"வெச்சுக்கிட்டா வானொலி கேக்காதே."

அவள் எழுதிக்கொண்டாள். லுப்பெர்ட் ஒன்று கேட்டார்: "என்கிட்ட நரம்புக் கருவியில வாசிச்ச பழைய பதிவு நிறைய இருக்கு. அதெல்லாம் எனக்கு நல்லாத்தான் கேக்குது. அது எப்படி?"

"நரம்புல வில்லு உரசற சத்தமும் மெய்யெழுத்து மாதிரித்தான், மேல் சத்தம். ஆனா அதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். காது விட்டதை மனசு போட்டுக்கும். புதுசா வர்றதுக்கு அது முடியாது."

வீட்டுக்கு நடந்து வரும்போது ஆற்றங்கரையில் நின்றார். "அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

"யோரீன்கிட்ட?"

"பார்ப்போம்."

இங்கேதான் எனக்கு அவர் மேல் வருத்தம். மகளைத் தூக்கி நிறுத்த ஒரு வாக்கியம் போதும், அது அவர் கையில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொன்ன எல்லாமே போகும். இருபது வருடத்துக்கும் மேலாக அந்த வட்டத்தில் அவர் வாய்க்கு எல்லோரும் பயந்தார்கள். அவர் சொல்லைக் கேட்டு பேரெண்ட் எத்தனையோ தட்டுகளை வீசியிருக்கிறார். அதையெல்லாம் விட்டுக்கொடுக்க லுப்பெர்ட்டுக்கு ஒரு கோடை முழுதும் ஆயிற்று. அக்கா இரவும் பகலும் சொன்னாள். கடைசியில் தொலைபேசியை எடுத்தபோது குழு வேறொரு செல்லோக்காரனைப் பார்த்துப் பேசி முடித்திருந்தது.

அக்கா ஒட்டுக்கேட்பாள் என்பதற்காக அவர் ஒலிபெருக்கியைப் போட்டே பேசினார். நானும் இருந்தேன்.

"யோரீன், என் காது போயிடுச்சு. டாக்டர் சொல்லிட்டாங்க. அன்னிக்கு உன் வாசிப்பு எனக்குக் கேக்கவே இல்லை. கேக்காமத்தான் சொல்லிட்டேன்."

சிரிக்கிற குரலில், "அப்பா, உன் வயசுல எல்லாருக்கும் கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும். நான் பேசறது உனக்கு நல்லாக் கேக்குதில்ல?" என்றாள்.

"உன் பேச்சு பழகினது."

"சரி. அம்மா சொல்லிக்குடுத்தாளா?"

"வேணா டாக்டர் குடுத்த காகிதத்தை அனுப்பறேன்."

"வேண்டாம்ப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ இதெல்லாம் பண்ண வேண்டாம்."

வைத்த பிறகு அவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நம்பலை" என்றார். "நம்பமாட்டா. யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொன்னதை அவ எப்படி நம்புவா? நான்தானே அப்படி வளர்த்தேன்."

அதன்பிறகு அவர் யோசித்துச் செய்தது இது. இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோரீனை வரச்சொன்னார். பேரெண்டிடம் இரண்டு பதிவுகள் கொண்டுவரச் சொன்னார்: ஒரே பாட்டு, ஒன்று குடல் நரம்பில், ஒன்று எஃகுக் கம்பியில். சுருதியை வைத்தோ பாணியை வைத்தோ கண்டுபிடித்துவிடக் கூடாது. இரண்டும் புதியவை, தான் கேட்டேயிராதவை.

"இதென்ன லுப்பெர்ட், மழலையர் வகுப்பா?" என்றாள் தியா. "என் நாய் சொல்லிடும், எது ஆட்டுக்குடல்னு."

"நாய் அப்புறம் சொல்லட்டும். முதல்ல நான்."

யோரீன் அப்பாவுக்கு எதிரே, சன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். முதல் தட்டு ஓடியது. அதுதான் குடல் நரம்பு என்று எனக்கே தெரிந்தது, அதில் மணல் மாதிரி ஒரு சொரசொரப்பு இருந்தது. இரண்டாவது வழுவழுவென்று போயிற்று. லுப்பெர்ட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நெற்றி வியர்த்திருந்தது.

"ரெண்டாவது குடல்" என்றார்.

தியா தன் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பேரெண்ட் உறையைத் திறந்து காட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"இன்னொண்ணு போடு."

"போதும் லுப்பெர்ட்."

"போடு பேரெண்ட்."

அதையும் தப்பாகச் சொன்னார். மூன்றாவதாகக் கேட்டபோது தியா எழுந்து பாட்டுப்பெட்டியை நிறுத்தினாள். "எங்களுக்கும் மனுஷ மனசுதான்" என்றாள். லுப்பெர்ட் மகளைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவ்வளவும். இந்த நாட்டில் ஒருவர் மதிப்பை அவரே நாலு பேர் முன்னால் கழற்றி வைப்பதை நான் அடிக்கடி பார்த்ததில்லை. யோரீன் எழுந்துபோய் அவர் தலையில் முத்தம் கொடுத்தாள். அவருடைய தோள்கள் இறங்கின. நானும் மூச்சு விட்டேன்.

சாயங்காலம் யோரீனை ரயிலடிக்கு நான் கொண்டுபோய் விட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் பெட்டியை அதில் வைத்து நடந்தோம்.

"சித்தி, அப்பாவைப் பார்த்துக்கோங்க" என்றாள். "ரொம்ப மெலிஞ்சுட்டார். பாவம், எனக்காக எவ்வளவு பெரிய நாடகம் போட்டார், பார்த்தீங்களா?"

நான் நின்றுவிட்டேன். "நாடகமா?"

"சித்தி, எனக்குப் பத்து வயசுல தெரியும் அந்த வித்தியாசம். உங்களுக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?"

"தெரிஞ்சுது. அவருக்கு நிஜமாவே கேக்கலடி. குளிர்பெட்டி கத்தறது கூடக் கேக்கல. நான் பக்கத்துல இருந்தேன். நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன்."

"நீங்களும் சேர்ந்துக்கிட்டீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமே இல்லை. "விதியை உண்டாக்கின மனுஷன், பேரெண்ட் முன்னாலயும் தியா முன்னாலயும் தன்னை அப்படி ஆக்கிக்கிட்டார். இதைவிட எனக்கு என்ன வேணும்? நான் அதை மறக்கவே மாட்டேன்."

"அப்ப குழுவுக்குத் திரும்பிப் போயேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். "அன்னிக்கு அவர் சொன்னது எனக்கே தெரிஞ்சதுதான். அந்தத் தேவாலயத்துல உட்கார்ந்து கேட்டப்பவே, நான் எங்கயோ அமுங்கிப்போறேன்னு தோணுச்சு. மத்த மூணு பேரும் இல்லவே இல்லைன்னாங்க. அவங்க சிநேகிதங்க. யாருன்னு தெரியாம சொன்னவர் அவர் ஒருத்தர்தான்."

ரயில் வந்தது. எங்கள் வழக்கப்படி மூன்று முத்தம் கொடுத்தாள். நான் வீட்டுக்குத் திரும்பி லுப்பெர்ட்டிடம் இதில் எதையும் சொல்லவில்லை. "சந்தோஷமாப் போனாளா?" என்று கேட்டார். போனாள் என்றேன். அது பொய்யும் இல்லை.

அவருக்குக் காதில் மாட்டுகிற கருவி வந்தது. பேச்சு நன்றாகக் கேட்டது. செய்தி வாசிப்பவர்கள் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார்கள். இசைக்கு அது உதவவில்லை. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். கருவியைக் கழற்றிவிட்டு, தனக்கு மனப்பாடமானவற்றை மட்டும் கூடத்தின் இடது மூலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். புதிதாக எதையும் வாங்குவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தியாவின் வீட்டுக்கு மாறியது. கூப்பிட்டார்கள், இரண்டு தரம் போய், கேக் தின்றுவிட்டு வந்தார்.

அடுத்த வருடம் அவருடைய பிறந்தநாளுக்கு எல்லோரும் போயிருந்தோம். நாற்காலிகளைச் சுவரோரமாக வட்டமாகப் போட்டு, வந்தவர்கள் எல்லோருக்கும் கைகொடுத்து, எங்கள் பக்கம் பிறந்தநாள் என்றால் வீட்டார் எல்லோருக்கும் வாழ்த்துத்தான், ஹெர்மீனுக்கு வாழ்த்து, யோரீனுக்கு வாழ்த்து, எனக்கும் வாழ்த்து. ஆப்பிள் கேக், சாலட், ஒரே இரைச்சல். யோரீன் அஸ்ஸனிலிருந்து வந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. தன்னிடம் படிக்கிற ஒரு குண்டுப் பையன் செல்லோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். அப்பாவுக்கு அவள் கொண்டுவந்த பரிசு, அவளுடைய பழைய குழுவின் இரண்டாவது பதிவு. புது செல்லோக்காரனோடு வாசித்தது.

"இதைக் கேளு அப்பா" என்று அவளே போட்டாள். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையை அவர் முழங்காலில் வைத்துக்கொண்டாள். "இதோ, இங்க வர்றான் பாரு. எப்படிப் பேசறான்."

லுப்பெர்ட் காதுக் கருவியை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குனிந்து கேட்டார். சுற்றிலும் தட்டும் கரண்டியும் பேச்சுமாக இருந்தது. பகுதி முடிகிற வரை அவர் அசையவில்லை.

"நீ வாசிச்ச முந்தினதுதான் நல்லாருந்துச்சு" என்றார்.

யோரீன் அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து, அம்மாவுக்கு உதவச் சமையலறைக்குப் போனாள்.

லுப்பெர்ட் என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னா?"

"சரின்னு சொன்னா."

"எப்படிச் சொன்னா?"

நான் அவர் கையிலிருந்த காலித் தட்டை வாங்கிக்கொண்டேன். அவர் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.